சரக்கு வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோல்: ஆதாயமா, நட்டமா?

(நவி மும்பை, கோபர்கைரனேயில் நிகழ்த்திய உரை)



நாட்டின் எத்தனால் கொள்கையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். புது தில்லியின் புள்ளிவிவரங்களிலிருந்து தொடங்காமல், இவ்வூர்ச் சாலையில் ஓடும் ஒரு டெம்போவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 1980-களில் தொடங்கி 1990-களுக்குள் பம்பாயின் மொத்த வணிகச் சந்தைகள் படிப்படியாக நமக்கு அண்மையிலுள்ள துர்பேக்கு மாற்றப்பட்டன. அன்று முதல் காய்கறியும் வாழை இலையும் அரிசி மூட்டையும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் தாராவிக்கும் சிறு சரக்கு வண்டிகளிலேயே செல்கின்றன. ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கும் அதன் உரிமையாளர், "இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் எனக்கு லாபமா, நட்டமா?" என்று கேட்கிறார். கொள்கையை ஆராய இதனினும் நல்ல வாயில் இல்லை என்பது என் கருத்து.

முதலில் ஒரு தெளிவு. பெரிய பிக்கப் வண்டிகளிற் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. அவற்றுக்கு இக்கேள்வியே எழாது. எத்தனால் கலக்கப்படுவது பெட்ரோலில் மட்டுமே. ஆகவே நாம் பேசுவது பெட்ரோலில் ஓடும் சிறிய சரக்கு வண்டிகளைப் பற்றியும், இயற்கை எரிவாயுவில் ஓடி, அவசரத்துக்குப் பெட்ரோலை நாடும் வண்டிகளைப் பற்றியும் ஆகும்.

பெட்ரோலுடன் எரிசாராயத்தைக் கலப்பது புதிய சிந்தனையன்று. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948இல், இந்திய எரிசாராயச் சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அச்சட்டம் 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே கலப்புப் பெட்ரோல் சோதனை முறையில் மீண்டும் விற்பனைக்கு வந்தது என்பது சட்ட வரலாற்றில் ஒரு வேடிக்கை. அச்சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் மிரஜ், மன்மாட் ஆகிய இரண்டும் இதே மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்தவை. 2003இல் ஐந்து விழுக்காட்டுக் கலப்புத் திட்டம் ஒன்பது மாநிலங்களில் தொடங்கியது. ஆயினும் 2013-14இல் நாடு எட்டியிருந்த சராசரி 1.53 விழுக்காடே. பின்னர் வேகம் பிறந்தது. 2022 ஜூனில் பத்து விழுக்காடு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் இருபது விழுக்காட்டுப் பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2030க்கென வகுத்த அவ்விலக்கு 2025இலேயே எட்டப்பட்டது.

இனி வண்டிக்காரரின் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூலே உண்டு. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எனவே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இருபது விழுக்காட்டுக் கலப்பின் ஆற்றல் ஆறரை முதல் ஏழு விழுக்காடு குறைகிறது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கையும், பழைய வடிவமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளில் ஆறு முதல் ஏழு விழுக்காடு எரிபொருள் திறன் குறையலாம் என்றும், பத்து விழுக்காட்டுக்கென வடிவமைத்து இருபதுக்கேற்பச் சீரமைத்த வண்டிகளில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடே குறையும் என்றும் கூறியது. புதிய வண்டிகளில் இழப்பு குறைவதற்குக் காரணம் எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் எண். எஞ்சின் அதனைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு அமைந்திருந்தால், இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம்.

நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 24,000 கிலோமீட்டர் ஆகிறது. பத்து விழுக்காட்டுக் கலப்பில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்ததாகக் கொண்டால் ஆண்டுத் தேவை 1,600 லிட்டர். இருபது விழுக்காட்டுக்கு மாறும்போது பழைய வண்டிக்கு மேலும் மூன்றரை விழுக்காடு ஆற்றல் குறைகிறது. தேவை ஏறக்குறைய 1,658 லிட்டராகிறது. லிட்டர் 104 ரூபாய் என்று கொண்டால் கூடுதல் செலவு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய். புதிய வண்டிக்கு ஆயிரத்து எழுநூறு முதல் மூவாயிரத்து நானூறு வரை. பேரிழப்பு என்று அலறுவோர் சொல்லும் அளவு இதில் இல்லை. ஆனால் ஒற்றை வண்டிக்காரருக்கு ஆறாயிரம் ரூபாய் அற்பமும் அன்று. பழைய வண்டியை வைத்திருப்பவரே பெரும்பாலும் வசதி குறைந்தவர் என்பதையும் மறக்கலாகாது.

மைலேஜ் ஒருபுறமிருக்க, வண்டியின் உடல்நலமும் கவனிக்கத்தக்கது. பழைய வண்டிகளிலுள்ள சில வகை ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் எத்தனால் காலப்போக்கில் உப்பச் செய்யும் அல்லது இறுகச் செய்யும். தொட்டியில் பல்லாண்டாகப் படிந்த கசடையும் அது கரைத்துக் கிளப்பும். அக்கசடு எரிபொருள் வடிகட்டியில் வந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய வண்டியில் வடிகட்டியை வழக்கத்தினும் முன்கூட்டியே மாற்றுவதும், குழாய்களைப் பார்வையிடுவதும் நலம். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் பாகங்கள் இருபது விழுக்காட்டைத் தாங்குமாறு அமைந்தவை. ஐயமிருப்பின் வண்டியுடன் வந்த கையேட்டைப் பார்ப்பதே முறை. தெருமுனைப் பேச்சை நம்புவது முறையன்று.

எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. அளவு மீறி நீர் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் ஒன்றாய்க் கூடிப் பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கிவிடும். நாள்தோறும் ஓடும் வண்டியின் தொட்டியில் இதற்கு வாய்ப்பு மிகக் குறைவு, பெட்ரோல் தேங்கினால்தானே! மும்பை மழைக்காலத்தில் உண்மையான அபாயம் பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் கசிவதில் உள்ளது. நீர் உள்ளதா என்று அத்தொட்டியை அளவுக்கோலிட்டு ஆய்வது இன்று சடங்கன்று, கட்டாயத் தேவை என்பதை இங்குள்ள அதிகாரிகள் கருத்திற்கொள்ள வேண்டும்.

நமது ஊருக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. நவி மும்பையில் இயற்கை எரிவாயு கிடைக்கிறது. 2025இல் கிலோ சுமார் 80 ரூபாய். ஒரு கிலோ எரிவாயுவின் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். நாம் எடுத்துக்கொண்ட வண்டி எரிவாயுவில் ஓடினால், எஞ்சின் திறன் சற்றுக் குறைவதைக் கழித்த பின்னும் ஆண்டுக்கு எழுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். வரிசையில் காத்திருக்கும் நேரமும், உருளை பிடித்துக்கொள்ளும் எடையும் இதற்குரிய விலை. ஆறாயிரத்தையும் எழுபதாயிரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புதிதாகச் சரக்கு வண்டி வாங்குவோர் எத்தனாலைப் பற்றிக் கவலைகொள்ளும் முன் எதைச் சிந்திக்க வேண்டும் என்பது விளங்கும். ஆயின் எரிவாயு வண்டிகள் சிலவற்றில் அவசரத்துக்கென ஐந்து லிட்டர் பெட்ரோல் தொட்டி உண்டு. அதில் ஊற்றிய கலப்புப் பெட்ரோல் மாதக்கணக்கில் அசையாது கிடக்கிறது. ஈரக்காற்று மிகுந்த இக்கடற்கரைப் பகுதியில், பெட்ரோல் வண்டியைவிட இந்தச் சிறு தொட்டிக்கே எச்சரிக்கை அதிகம் வேண்டும். மாதம் ஒரு முறையேனும் சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டிப் புதிதாக நிரப்புதல் நன்று.

நாட்டுக்கு விளையும் நன்மையையும் காண்போம். 2014-15 முதல் 2025 ஜூலை வரை இத்திட்டத்தால் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று என்று அரசு தெரிவித்தது. கரும்பு விவசாயிகளின் நிலுவை தீரவும் இது துணைபுரிந்தது. மறுபக்கமும் உண்டு. ஒரு டன் கரும்பிலிருந்து கிடைப்பது சுமார் 70 லிட்டர் எத்தனால். ஒரு லிட்டருக்குச் செலவாகும் நீர் 2,860 லிட்டர் என்று நிதி ஆயோக் அறிக்கையே கணக்கிட்டது. வறட்சியை அறிந்த மகாராஷ்டிரத்தில் இவ்வெண்ணை எளிதில் கடந்து செல்ல இயலாது. 2023 டிசம்பரில் சர்க்கரைத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிக் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க விதித்த கட்டுப்பாடு, மறு ஆண்டு ஆகஸ்டில் தளர்த்தப்பட்டது. இதற்கிடையே மக்காச்சோளம் பெருமளவில் வடிசாலைகளுக்குத் திரும்பியது. அதே சோளத்தைத் தீவனமாக நம்பியிருக்கும் நாமக்கல் கோழிப் பண்ணைகளும் அதன் விலையேற்றத்தை உணர்ந்தன.

ஆதாயம் நாட்டுக்கும், சிறு நட்டம் வண்டிக்காரருக்கும் என்றால் ஈடு செய்வது யார்? ஆற்றல் குறைவுக்கு ஏற்பக் கலப்புப் பெட்ரோலின் விலையும் குறைவாக இருத்தல் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்தது. பிரேசில் நாட்டில் வாகன ஓட்டிகள், தனி எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் மட்டுமே அதை நிரப்புகின்றனர். அங்கே தேர்வு அவர்கள் கையில் உள்ளது. இங்கே நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூலையில் போக்குவரத்தும் வரியும் சேர்ந்து எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாய் ஆயிற்று. சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையினும் இது அதிகம். எனவே விலைக் குறைப்பு வேண்டுமெனில் அது வரிச் சலுகையாகவே வர இயலும். பழைய வண்டிக்கு ஈடாக லிட்டருக்கு மூன்றரை ரூபாயும், புதியதற்கு ஒன்று முதல் இரண்டு ரூபாயும் தேவைப்படும். மும்பை, தாணே, நவி மும்பைப் பகுதிகளில் 2024இல் பெட்ரோல் மீதான மாநில வரி 26 விழுக்காட்டிலிருந்து 25ஆகக் குறைக்கப்பட்டபோது லிட்டருக்குக் குறைந்தது 65 காசு.