ஆலம்பரைக்குப் பிறகு புதுச்சேரி

2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. சில வாரங்களில் நம்மூர் மளிகைக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது நினைவிருக்கும். நாம் வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அப்போது உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. அந்தச் சூடு எங்கள் உப்பள ஊரான மரக்காணத்தின் வடைச்சட்டி வரை வந்தது.

படையெடுத்து வருகிறவன் துறைமுகத்தை அடைப்பதை நம் உப்பளக் கரை ஒருமுறை பார்த்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து வடக்கே போனால் கடப்பாக்கம். அங்கே கழிமுகக் கரையில் நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. சரித்திர ஆசிரியராக இருந்த காலத்தில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். இறங்கியதும் ஒரே கேள்விதான்: "பீரங்கி எங்கே சார்?" நான் அவர்களைக் கழிமுகம் தெரிகிற பக்கமாக நிறுத்தி, "அரிசி மூட்டை எந்த வழியாக உள்ளே வந்திருக்கும், சொல்லுங்கள்" என்பேன். உப்பு வாருகிற வீட்டுப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். தண்ணீர் எங்கே ஆழம், படகு எங்கே தரை தட்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய கோட்டை. நாணயச் சாலை இருந்த இடம். 1750-இல் நிஜாம் வம்சத்து முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்குக் கொடுத்தார். மதில் துண்டுகள் பாளம் பாளமாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் காலத்தால் இடிந்தது என்று நினைப்பார்கள். பாதிதான் உண்மை. 2004 சுனாமியும் சேதம் செய்தது. ஆனால் முதலில் இடித்தவர்கள் ஆங்கிலேயர்.

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தது. வேறொருவராக இருந்தால் நேரே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கு ஓடியிருப்பார். கூட் ஓடவில்லை. ஆற்காட்டைப் பிடித்தார், திண்டிவனத்தைப் பிடித்தார். பெருமுக்கல் மலைக்கோட்டையில் அவருக்கே காயம்பட்டது, அதையும் பிடித்தார். மார்ச்சில் ஆலம்பரை. ஏப்ரலில் தெற்கே காரைக்கால். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: புதுச்சேரிக்கு நெல் வருகிற வழிகள் ஒவ்வொன்றாக மூடுவது தெரியும். நாம் கொண்டாடுகிற போர்க்களங்களைவிட இந்த மூடல்தான் சண்டையைத் தீர்த்தது என்பது என் கட்சி.

சரி, வெளியார் என்ன செய்தார்கள்? மைசூரிலிருந்து ஹைதர் அலி லாலிக்குக் குதிரைப்படை அனுப்பினார். சும்மா இல்லை, தியாகதுருகம் கோட்டையை விலையாக வாங்கிக்கொண்டு. அந்தப் படை ஜூலையில் ஓர் ஆங்கிலப் படைப்பிரிவை அடித்து விரட்டவும் செய்தது. பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கே ஆபத்து வந்தது, படை திரும்பிவிட்டது. மராட்டியர் இரு பக்கத்தோடும் பேரம் பேசினார்கள். தஞ்சாவூர் லாலிக்காக அசையவில்லை. அசைய என்ன இருக்கிறது? இரண்டு வருஷத்துக்கு முன்பு, 1758-இல், இதே லாலிதான் பணம் கேட்டுத் தஞ்சையை முற்றுகையிட்டார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடினார். ஊர் அதை மறக்குமா?

நவம்பர் கடைசியில், முற்றுகையிடப்பட்ட புதுச்சேரிக்குள் தானியம் தீர்ந்துகொண்டு வந்தது. லாலி சுமார் 1,400 உள்ளூர்க்காரர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆண், பெண், குழந்தை எல்லோரும். ஆங்கிலக் காவல்கள் அவர்களை மேலே போக விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். இரண்டு படைக்கும் நடுவே, வயலில் கிடைத்த கிழங்கையும் வேரையும் தின்று எட்டு நாள் கிடந்தார்கள். அதன் பிறகுதான் கூட் வழிவிட்டார். பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் மட்டும் எந்த வகுப்பிலும் பின்வரிசைச் சத்தம் இருக்காது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புத்தாண்டு அன்று அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல நாசமாயின. இருந்தும் சில நாட்களில் கடல் மறுபடி அடைபட்டது. 1761 ஜனவரி மத்தியில் புதுச்சேரி சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வந்தவர், அந்த நாட்களில்தான் காலமானார். நகரம் இடிக்கப்பட்டது. லாலியின் தலையை 1766-இல் பாரிஸில் வெட்டினார்கள்.

உக்ரைனுக்குத் திரும்புகிறேன். 2022 மார்ச் 2-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன. அது சரியா, தவறா என்று டீக்கடையில் நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் ஜூலையில் இஸ்தான்புல்லில் துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று செய்த தானிய ஒப்பந்தத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். கோதுமைக் கப்பல்கள் ஓராண்டு நகர்ந்தன. 2023 ஜூலையில் ரஷ்யா விலகியது. புதுச்சேரிக்கு வெளியே வயலில் கிடந்தவர்களுக்காக அப்படி நடுவில் வந்து நிற்க ஒருவரும் இருக்கவில்லை.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. நேயர்களே, விடுமுறைக்கு ஆலம்பரை போனால் மதிலில் ஏறாதீர்கள், செங்கல்லில் பெயர் கீறாதீர்கள். பிள்ளைகள் பீரங்கி எங்கே என்று கேட்டால், கூட்டையும் லாலியையும் சொல்லுங்கள். அந்த 1,400 பேரையும் கூடவே சொல்லுங்கள்.