கிணறு உண்டா, இல்லையா?

போர் முடிந்த ஊரில் சேதத்தை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள், அந்த ஊர் எழுந்து நிற்க என்ன வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேனி மாவட்டக் கூடலூர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இலங்கையில் சண்டை ஓய்ந்த பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்தோடு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடு கட்டும் வேலையை மேற்பார்க்கப் போனவன் நான். கையில் படிவமும் டேப்பும் வைத்துக்கொண்டு வளவு வளவாக, அதாவது வீட்டு மனை மனையாக, ஏறி இறங்கியிருக்கிறேன். அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

இந்த வேலையில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். சேதம், இழப்பு, தேவை. கேட்டால் மூன்றும் ஒன்று மாதிரிதான் இருக்கும். நம்ம ஊர்க் கதையிலேயே சொல்கிறேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் கேரளாவுக்குப் போகிற குமுளி ரோடு அடைபட்டுக் கிடந்தது நினைவிருக்கும். அதைப் போர் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் விடியக் கருக்கலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம்ம பெண்கள் அப்போது வீட்டோடு இருந்தார்கள். அந்த வீட்டில் ஓர் ஓடுகூட உடைந்திருக்காது. சேதம் என்று எழுதினால் பூஜ்யம்தான். கூலி போனது, வாரத் தவணை நின்றது, கடையில் பாக்கி ஏறியது. அது இழப்பு. சரி, அந்த ஜீப் மறுபடி மலையேற என்ன வேண்டும்? பாதை திறக்க வேண்டும், ஏறுகிறவர்களுக்குப் பயம் போக வேண்டும். அது தேவை. உடைந்ததற்கு விலை போட்டுவிட்டால் தேவை தெரிந்துவிடும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

இப்படிப் பிரித்துப் பார்க்கிற முறை முதலில் நிலநடுக்கம், புயலுக்காக வந்தது. 1970களில் லத்தீன் அமெரிக்காவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் உருவாக்கியது. 2008இல் ஐ.நா.வும் உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து, இயற்கைப் பேரிடரானாலும் போரானாலும் கூட்டாகவே கணக்கெடுப்போம் என்று ஒப்பந்தம் போட்டன. உக்ரைனுக்கு 2025 பிப்ரவரியில் வந்த அறிக்கையைப் பாருங்கள். நேரடிச் சேதம் 17,600 கோடி டாலர். பத்து வருஷத்தில் மீண்டு வரத் தேவையோ 52,400 கோடி. ஏறக்குறைய மூன்று மடங்கு! காஸாவுக்கும் அதே மாதம் ஒரு கணக்கு வந்தது. தேவை 5,300 கோடி டாலர். சண்டை நடக்கும்போதே இதையெல்லாம் எப்படி எண்ணுகிறார்கள் என்கிறீர்களா? அதற்குச் செயற்கைக்கோள் படம் பெரிதும் உதவுகிறது. மேலிருந்து பார்த்தால் எந்தக் கூரை இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும்.

ஆனால் செயற்கைக்கோள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காது. நான் பேச ஆசைப்பட்டு வந்தது கிணற்றைப் பற்றித்தான், மற்றதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன்.

லோயர் கேம்ப்பில் தண்ணீர் இறங்கினால் பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பூமி நம்முடையது. ஊரில் எங்கே நின்றாலும் வாய்க்கால் சத்தம் கேட்கும். அப்படி வளர்ந்தவனுக்குப் புது ஊர் போனால் கண் முதலில் தண்ணீரைத்தான் தேடும். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு பெரிய கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி போரில் அடியோடு சாய்ந்து தரையில் கிடந்தது. பல வருஷம் அதைக் காட்சிப்பொருளாகவே வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும்தான். ஆனால் உள்ளே கிராமத்துக்குப் போனால் ஜனங்கள் குடித்தது குழாய்த் தண்ணீர் இல்லை, அவரவர் வளவுக் கிணற்றுத் தண்ணீர்.

எங்கள் படிவத்தில் கிணற்றுக்கு ஒரே ஒரு வரி. கிணறு உண்டா, இல்லையா. உண்டென்றால் சேதமா, சேதமில்லையா. ஒரு வளவில் கிணற்றுக் கட்டு பொரிந்துகூடப் போகவில்லை, சிமெண்டுப் பூச்சு அப்படியே இருந்தது. உண்டு, சேதமில்லை என்று குறித்துவிட்டேன். அடுத்த வளவில் கிணற்றுக் கட்டு பாதி இல்லை, துலாவும் இல்லை. அது சேதம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், அந்த உடைந்த கிணற்றில் நாலு வீட்டுப் பெண்கள் வாளி போட்டு அள்ளுகிறார்கள். நல்ல கிணற்றுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஏன் தாயி என்று கேட்டேன். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது என்றார்கள். ஓடும்போது யார் எதைப் போட்டுவிட்டுப் போனார்களோ? வெடிக்காத குண்டும் இருக்கலாம், வேறெதுவும் இருக்கலாம். மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதில் மோட்டாரை இறக்க முடியாது. ஆகக் காகிதத்தில் சேதமில்லாத கிணறு யாருக்கும் உதவாதது. சேதமான கிணறு நாலு குடும்பத்துக்கு உயிர்.

அந்தச் சேதமில்லாத கிணற்று வீட்டு அம்மா சொன்னதுதான் எனக்குப் பாடம். "முதல்ல கிணத்தை இறைச்சுத் தாங்கோ தம்பி, வீட்டைப் பிறகு பாப்பம்." அவர்களுக்குத் தலைக்கு மேல் தார்ப்பாய்தான் இருந்தது, அதிலும் இரண்டு ஓட்டை. வீடு வேண்டாமா என்று எனக்கு ஆச்சரியம். வேலை தொடங்கியதும்தான் உறைத்தது. தண்ணீர் இல்லாமல் எதைக் குழைப்பது, சுவருக்கு எதை ஊற்றி நனைப்பது? இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012 அக்டோபர் 2இல் தொடங்கிய பெரிய கட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்காரரே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், வேலை ஏற ஏறத் தவணையாக அவர் வங்கிக் கணக்குக்கே வந்தது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அத்திவாரம் முடிந்தால்தானே அடுத்த தவணை? மணலுக்கும் கொத்தனாருக்கும் அலைகிற காலம் அது. தண்ணீரையும் பவுசரில், அதாவது தண்ணீர் லாரியில், விலைக்கு வாங்கினால் பணம் எங்கே நிற்கும்? கிணற்றை முதலில் சுத்தம் செய்த வளவில் வேலை ஓடியது. மற்றதில் ஜன்னல் மட்டத்தோடு நின்றது.

அதற்காக எல்லாக் கிணற்றையும் ஒரே மாதிரி இறைத்துவிடவும் கூடாது. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே எண்ணெய் போல மிதந்து நிற்கும். சுத்தம் பண்ணுகிறேன் என்று பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் கிணறுகளை வேகமாக இறைத்து இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கொஞ்சமாக இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறைக்க வேண்டும். அவசரப்பட்டால் குண்டு செய்யாததை மோட்டார் செய்துவிடும்.

போர் திரும்பி வந்தால் கணக்கு என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையே சாட்சி. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. 2003 மே மாதம் ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா., உலக வங்கி மூன்றும் வடகிழக்குக்குத் தேவை என்ன என்று விரிவாக எழுதின. ஜூனில் டோக்கியோ மாநாட்டில் 450 கோடி டாலர் தருவதாக உலகம் சொன்னது. பிறகு சுனாமி, பிறகு மறுபடி சண்டை, 2009 மேயில்தான் அது ஓய்ந்தது. எல்லாரும் திரும்ப முதலிலிருந்து எண்ணினோம்.

எங்கள் படிவத்தில் இன்னொரு வரி என்னைத் தூங்கவிடாதது. குடும்பத் தலைவர் பெயர். கணவர் காணாமல் போன ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டால் அவர் என்ன எழுதுவார்? விதவை என்று எழுதினால் கணவர் செத்துவிட்டதாக ஒப்புக்கொண்ட மாதிரி. எழுதாவிட்டால் காணியைத் தன் பெயருக்கு மாற்ற அப்போது வழியில்லை. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறு ஒரு சான்றிதழ் தரலாம் என்று 2016இல்தான் சட்டம் வந்தது. அதற்கு முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, எழுதாமலே நிறைய உட்கார்ந்திருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது, ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். மரத்துக்கு எப்படி விலை போடுவது, காய்க்க வருஷக்கணக்காகும் பனைக்கு யார் பொறுப்பு என்று சொல்ல நினைத்தேன், முடியவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். நம்ம தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. முகாமில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், காணி உறுதி, அதாவது நம்ம பத்திரம், கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேலி எது, எல்லைக்கு அந்தப் பக்கம் யார், கிணறு எந்த மூலை, என்னென்ன மரம் நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர்களில் யாராவது ஊர் திரும்புகிற நாளில், டேப்போடு நிற்கிறவனிடம் அந்த நோட்டை நீட்டட்டும்.