நாலடி இடமும் நமக்குச் சொத்தே

(கிளைக் குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசுவதற்காகவே மேடை ஏறிப் பழகிவிட்ட நாம், இன்று வீட்டோரத்தில் கிடக்கும் ஒரு சந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதுவும் ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். நாம் சொல்லி முடித்தபின் அவர் நேரே வீட்டுக்குப் போய், பின்கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

லயத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வீடு சிறிது, வாசல் பெரிது. உள்ளே ஓர் அறை, ஒரு குசினி. ஆனால் வெளியே வந்தால் வேப்பமரம், கோழிக் கூடு, கீரைப் பாத்தி, பேச்சுத் துணைக்கு அக்கம் பக்கம். தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது நம்மில் பலர் தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். சொந்த வீடு கிடைத்தது. அது பெரிய காரியம். ஆனால் வாசல் போயிற்று. பிள்ளைகள் வளர்ந்தார்கள், இடம் போதவில்லை, பக்கத்து நிலத்தில் ஓர் அறையும் குசினியும் இழுத்துக் கட்டினோம். கட்டியது போக, புதுச் சுவருக்கும் எல்லைச் சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து ஒன்று மிஞ்சியது. அதில் என்ன இருக்கிறது? உடைந்த நாற்காலி, பழைய டயர், மிச்சமான ஓடு, மூடியில்லாத பெயிண்டு வாளி. இதுதானே நம் வீடுகளின் நிலைமை?

ஊரைக் குறை கூறுமுன் நம் வீட்டுக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் வீட்டுச் சந்து 4 அடி அகலம், 20 அடி நீளம். ஒருபுறம் புது அறையின் சுவர், மறுபுறம் எட்டடி உயர எல்லைச் சுவர், பின்னால் குளியலறை, முன்னால் ஒரு பலகைக் கதவு. புது அறையில் நம் தாயாரைக் குடிவைத்தோம். முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டிய கைகள் அவருடையவை. அந்த அறைக்கு இருந்த ஒரே சன்னல் இந்தச் சந்தைப் பார்த்தே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் நமக்கு ஓர் யோசனை பிறந்தது. சந்துக்கு மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் கூரை போட்டுவிட்டால் இன்னோர் அறை கிடைத்த மாதிரி அல்லவா? போட்டோம். ஒரு வாரம் பெருமையாக இருந்தது. பிறகு தாயாரின் அறை வேகத் தொடங்கியது. சூடான காற்று போக வழியில்லை. துணி காயாமல் நாறியது. சுவரில் பூஞ்சணம் ஏறியது. புதுக் கூரைக்கு வைத்த தகரப் பீலியில் இலை அடைத்து நீர் தேங்கியது. யாரும் ஏறிப் பார்க்கவில்லை. அந்த ஆண்டே நம் பேரனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. கொசு எங்கே பிறந்தது என்று நாம் ஆணையிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பீலியைக் கழற்றியபோது அதில் நெளிந்த புழுக்களைக் கண்ணால் கண்டோம். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிள்ளை பிழைத்து வந்தான். பிழைத்தான் என்பதால்தான் இன்று இந்த மேடையில் நின்று பேசுகிறோம்.

அன்று இரவு தாயார் சொன்னது இவ்வளவுதான்: "ஏம்ப்பா, லயத்துல இருந்தப்ப மானத்தைப் பார்த்துக்கிட்டு உட்காருவேன். இங்க அதையும் மூடிட்டியே."

மறுநாளே கூரையைக் கழற்றினோம். அதன்பின் கற்றவற்றைத்தான் உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, வெளிச்சமும் காற்றும். 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட உபவிதிகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் நூற்றுக்கு 10 பங்கு சன்னல் இருக்க வேண்டும். நூற்றுக்கு 5 பங்காவது காற்று தடையின்றிப் போய்வரத் திறந்திருக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. சன்னல் 12 சதுர அடி, திறப்பு 6 சதுர அடி. காற்றுக்காக விடும் திறந்த முற்றம், இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்தில் 7 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. எந்தப் பக்கம் அளந்தாலும் 2.5 மீட்டர் அகலம் வேண்டும். அதாவது சுமார் 75 சதுர அடி பரப்பு, எட்டடிக்குச் சற்று மேலான அகலம். நம் சந்து 80 சதுர அடி. பரப்பு தேறுகிறது, அகலம் பாதிகூட இல்லை! ஆகவே இனிமேல் இழுத்துக் கட்டப் போகும் தோழர்களே, சுவர் எழுப்புமுன் நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி பெறுங்கள். கொத்தனார் சொல்வதை மட்டும் கேட்டு இறங்காதீர்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதியின்றிக் கட்டுவது குற்றம். ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் இருக்கும் நாலடியை மூடாமலாவது காப்பாற்றுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். ஓர் அங்குல மழை என்பது நம் நாட்டில் ஒரு மாலைப் பொழுதின் விளையாட்டு. 80 சதுர அடிச் சந்தில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 190 லிட்டர் விழும். இழுத்துக் கட்டிய 240 சதுர அடிக் கூரையும் அதே சந்தில் கொட்டினால் இன்னும் 565 லிட்டர். கூட்டிப் பாருங்கள்: 200 லிட்டர் பீப்பாய்கள் ஏறக்குறைய நான்கு! அது போக வழியில்லாவிட்டால் வீட்டுக்குள்தான் வரும். தரைக்குச் சிமெண்டு பூசும்போது நூற்றுக்கு ஒன்று என்று சரிவு கொடுங்கள். 20 அடி நீளத்துக்கு ஒரு முனையைவிட மறுமுனை இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். சரிவு சுவரை நோக்கி அல்ல, சாக்கடையை நோக்கி இருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி அங்கே இருந்தால் அதன்மேல் சிமெண்டு பூசிவிடாதீர்கள். ஒருநாள் திறக்க வேண்டிவரும்.

மூன்றாவது, கொசு. 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தே மலேரியாவைக் குறைத்தார். அது வேறு கொசு. ஆனால் பாடம் ஒன்றே. டிங்கிக் கொசுவுக்குச் சதுப்பு நிலம் வேண்டாம். ஒரு மூடியளவு நீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். பால்வெட்டுத் தோழர்களுக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. வெட்டு இல்லாத காலத்தில் மங்கைக் கவிழ்த்து வைப்பது ஏன்? மழைநீர் தேங்கக் கூடாது என்றுதானே? காட்டில் ஆயிரம் மங்கைக் கவிழ்க்கத் தெரிந்த கை, வீட்டில் ஒரு வாளியைக் கவிழ்க்க மறக்கலாமா? 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, கொசுப் புழு கண்டால் வீட்டுக்காரர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். அபராதம் கட்டினால் அரை மாதச் சாமான் போகும். பிள்ளை போனால் எது திரும்பும்?

இனி, அவ்விடத்தை என்ன செய்வது? முதலில் ஒரு நாள் முழுவதும் வெயிலைக் கவனியுங்கள். 1982ஆம் ஆண்டு தீபகற்பத்தில் மணியை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணிக்கு மேல்தான். சந்து வடக்கு தெற்காக ஓடினால், உச்சியை ஒட்டிச் சுமார் இரண்டு மணி நேரமே நடுத்தரையில் வெயில் படும். கிழக்கு மேற்காக ஓடினால் மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் நீண்ட நேரம் படும். டிசம்பரில் தெற்குச் சுவரின் நிழல் தரையை மூடிவிடும். ஆகவே மிளகாய், கறிவேப்பிலை, முருங்கை இவற்றை அங்கே வைத்து மனம் உடையாதீர்கள். அவை வெயிலின் பிள்ளைகள். நிழல் தாங்கும் செடிகள் உண்டு: வெற்றிலைக் கொடி, பாண்டான் இலை, கற்பூரவல்லி, மஞ்சள், இஞ்சி. தட்டு வைக்காத சட்டியில் வையுங்கள். சட்டி மண்ணின் ஈரம் பரவாயில்லை. தட்டில் தேங்கும் நீர்தான் பகை.

நாம் செய்தது இது. எல்லைச் சுவரின் நம் பக்கத்துக்கு வெள்ளை அடித்தோம். அறையில் விளக்குப் போடாமலே பகலில் நாளிதழ் படிக்க முடிந்தது. பலகைக் கதவை எடுத்துவிட்டுக் கம்பிக் கதவு போட்டோம், காற்று நுழைந்தது. பின்னால் குளியலறை ஓரம் 6 அடி, துணி துவைக்கவும் உலர்த்தவும். நடுவில் சன்னலுக்கு எதிரே 8 அடி வெறுமையாக விட்டோம். அங்கே எதையும் அடுக்குவதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம். குசினிக் கதவருகே 6 அடியில் ஓரடி அகலப் பலகை ஒன்றும் நாலு சட்டிகளும். மீதி மூன்றடி நடைபாதை. பக்கத்து வீட்டுக்காரரைக் கேளாமல் அவர் சுவரில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. கொடி அவர் பக்கம் தாவினால் வெற்றிலை அவருக்கு என்று சொல்லி வைத்தோம். சுவரால் பிரிந்திருந்த இரண்டு வீடு வெற்றிலையால் பேசத் தொடங்கியது.

இரண்டு எச்சரிக்கை. எரிவாயுத் தோம்பைச் சாக்கடை வாய்க்கருகில் வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். திருடனுக்குப் பயந்து சந்தின் மேலும் முன்னும் கம்பி போட்டுப் பூட்டினால், சாவி வீட்டார் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். தீ விபத்தில் சாவி தேட நேரமில்லை.

தோட்டத்து வீட்டிலேயே இன்னும் குடியிருக்கும் தோழர்களும், ஸ்டாப் குவார்ட்டர்சில் இருக்கும் கிராணிமார்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு நிர்வாகத்தின் உடைமை. தகரத்தைப் பிரிக்குமுன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதே நேரத்தில், தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டைப் பழுதின்றி வைக்கும் கடமையை முதலாளிமேல் சுமத்துகிறது. சாக்கடை உடைந்து பின்புறத்தில் நீர் தேங்கினால் நீங்களே மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டுச் சும்மா இராதீர்கள். தேதியிட்டுக் கடிதம் எழுதி, ஒரு பிரதியைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.

தோழர்களே! ஏக்கர் கணக்கில் காட்டை அழித்து மரம் நட்ட இனம் நாம். அந்த ஏக்கர்களில் ஒன்றுகூட நம் பெயரில் இல்லை. நம் பெயரில் இருப்பது இந்தச் சிறு வீடும் அதன் ஓரத்து நாலடியும். அதையும் குப்பைக்குக் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு இடமில்லை" என்று சொல்வது நியாயமாகுமா?

இப்போது மாலை ஐந்து மணிக்கு நம் தாயார் அந்தப் பலகையில் உட்காருகிறார். மருமகள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, "அத்தை, குளிருதா?" என்று கேட்பாள். அவர் வெற்றிலை கிள்ளிக்கொண்டே, சுவர் இரண்டுக்கும் நடுவே தெரியும் நாலடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலடிதான். ஆனால் மழை வருமா வராதா என்று இன்றும் சரியாகச் சொல்லிவிடுகிறார்.

இன்று வீடு திரும்பியதும் பின்கதவைத் திறந்து பாருங்கள். முதலில் அந்த வாளியைக் கவிழுங்கள். மற்றதை ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம்.