மருத்துவபீடத்தின் முதலாம் ஆண்டு: தங்கைமாருக்குச் சில வார்த்தைகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



கல்லூரியின் நூறு வருடப் பெருமையைப் பேச இன்று பலர் இருக்கின்றார்கள். சங்கத்தினர் என்னிடம் கேட்டது வேறு. "இந்த முறையும் எங்கட பிள்ளையள் சிலர் மருத்துவபீடத்துக்குத் தெரிவாகியிருக்கினம். அவைக்குப் பிரயோசனமாய் ஏதாவது சொல்லுங்கோ டொக்டர்" என்றார்கள். ஆகவே முதலாம் ஆண்டைப் பற்றி மட்டும் பேசுகின்றேன். வைத்தியசாலையில் மாணவருக்குக் கற்பிப்பவள் என்ற வகையில், பின்னர் நன்றாக வரும் பிள்ளைகள்கூட அந்த ஒரு வருடத்தில் எவ்வளவு வாடிப்போகிறார்கள் என்பதை நான் பார்த்து வருகின்றேன்.

முதலில் ஒரு கணக்கு. இங்கே நீங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளை. அங்கே உங்கள் பக்கத்துக் கதிரையில் இருப்பவரும் தன் பாடசாலையில் முதலாம் பிள்ளைதான். 150 பேர் உள்ள அணியில் 75 பேர் கீழ்ப் பாதியில் இருந்தே ஆகவேண்டும். வாழ்நாளில் முதற்தடவையாக நீங்கள் அந்தப் பாதியில் இருக்கக்கூடும். அது இழுக்கு இல்லை. உங்கள் மூளை திடீரென்று மழுங்கிப்போனதாகவும் அர்த்தமில்லை.

இரண்டாவது, படிக்கும் முறை. உயர்தரத்தில் மூன்று பாடம். ரியூசன் ஆசிரியர் தந்த குறிப்பு, கடந்தகால வினாத்தாள், திரும்பத் திரும்ப வாசிப்பு என்று ஒரு முறை உங்களுக்குப் பழகிவிட்டது. அங்கே உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் மூன்றும் ஒன்றாக வந்து விழும். உடம்பில் 206 எலும்பு. ஒவ்வொன்றிலும் எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது, எந்த நரம்பு எந்தப் பள்ளத்தால் போகிறது என்று கேட்பார்கள். இரவிரவாக வாசித்து அடையாளமிட்டு முடிக்க முயல்பவருக்கு நாள் போதாது.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதி மாணவர் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து பலமுறை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்: 83 வீதம், மற்றவர்கள் 71 வீதம். ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 வீதமும், எழுதிப் பார்த்தவர்களிடம் 61 வீதமும் மிஞ்சியிருந்தன. திரும்ப வாசிக்கும்போது "எல்லாம் தெரியும்" என்ற நிம்மதி வரும். பரீட்சை மண்டபத்தில் அந்த நிம்மதி உதவாது.

ஆகவே தங்கைமாரே, விரிவுரை முடிந்த அன்று பின்னேரமே கொப்பியை மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளை எடுங்கள். நினைவில் உள்ளதை எழுதுங்கள், படம் கீறுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் நிரப்புங்கள். அந்தச் சிவப்பு எழுத்துத்தான் நீங்கள் நாளைக்குப் படிக்கவேண்டியது. அதே தாளை மறுநாளும், ஒரு வாரத்தின் பின்னும், மாத முடிவிலும் இப்படிச் செய்யுங்கள். ஸ்பொட் பரீட்சையில் மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகரவேண்டும். யோசிக்க அவகாசம் இல்லை. நினைவிலிருந்து எடுத்துப் பழகிய கைதான் அங்கே எழுதும். நித்திரையையும் விற்றுவிடாதீர்கள். பகலில் படித்ததை மூளை பதித்து வைப்பது நித்திரையில்தான்.

பாடமாக்குவதை நோயாளியோடு சேர்த்துப் பாடமாக்குங்கள். ரேடியல் நரம்பு புயவென்பின் பின்புறத்துப் பள்ளத்தால் போகிறது என்பது வெறும் வரி. பனையால் விழுந்து மேற்கை நடுவில் முறிந்த சீவல் தொழிலாளி ஒருவரை நினையுங்கள். அவரால் மணிக்கட்டை நிமிர்த்த முடியவில்லை, கை தொங்குகிறது. ஏன்? அந்தப் பள்ளத்தில் அந்த நரம்பு காயப்பட்டதால். இனி அந்த வரி மறக்காது.

மூன்றாவது, ஆங்கிலம். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகளுக்கு முதல் மாதங்கள் இருட்டறை போல இருக்கும். ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை இலத்தீனும் கிரேக்கமும். கொழும்பில் ஆங்கிலமூலம் படித்து வந்தவருக்கும் அவை புதியவையே. "பைசெப்ஸ்" என்றால் இரு தலை, "பிறேக்கியை" என்றால் மேற்கைக்குரியது. இப்படி வேர்ச்சொற்களைத் தனிக் கொப்பியில் சேர்த்துக்கொண்டு போனால் ஒரு சொல்லிலிருந்து பத்துச் சொல் விளங்கும். ஒரு விடயத்தை முதலில் தமிழில் உங்களுக்கே சொல்லி விளங்கிக்கொண்டு, பின்னர் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் மருத்துவம் விளங்காது என்று யாராவது சொன்னால், 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மாணவருக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்றியல் நூல்களைத் தமிழாக்கினார் என்று சொல்லுங்கள். ஆனால் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய்திறக்கக் கூச்சப்படவேண்டாம். பிழையாகவேனும் பேசிய பிள்ளைதான் பின்னர் நோயாளியின் முன் தயங்காமல் நிற்கும்.

உடலறுத்துப் படிக்கும் மண்டபம் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். முதல் நாள் மருந்து வாடை கண்ணை எரிக்கும், சிலருக்குத் தலை சுற்றும். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் போங்கள். மேசையில் கிடப்பவர் தன் உடலை உங்கள் படிப்புக்காகத் தந்த ஒருவர். அவரே உங்கள் முதல் ஆசிரியர், முதல் நோயாளி. அங்கே பகிடி வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். இந்த மரியாதையை முதல் நாளே பழகிய பிள்ளை பிறகு எந்த ஏழை நோயாளியையும் "கட்டில் இலக்கம்" சொல்லிக் கூப்பிடமாட்டாள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். எங்கள் அணியில் ஒருத்தி இருந்தாள். தன் மாவட்டத்தில் முன்னணிப் பெறுபேறு பெற்றவள். முதல் இரண்டு தவணைச் சோதனையும் அவளுக்குச் சரிவரவில்லை. வீட்டுக்கு எடுத்துப் பேசும்போதெல்லாம் "நல்லாய்ப் போகுதம்மா" என்பாள். பிறகு சாப்பிட வருவதைக் குறைத்தாள், விரிவுரைக்கும் வரவில்லை. அறைத்தோழி அதைக் கவனித்து ஒரு சிரேஷ்ட அக்காவிடம் சொன்னாள். அந்த அக்கா கிழமைக்கு மூன்று நாள் குப்பி வகுப்பு வைத்தார். இரண்டாம் முறை எழுதித்தான் அவள் சித்தியடைந்தாள். இன்று அவள் ஓர் அரச வைத்தியசாலையில் மயக்கமருந்து நிபுணர். ஒவ்வொரு நாளும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஆட்களின் மூச்சு அவள் கையில் இருக்கிறது. எத்தனையாவது முறையில் சித்தியடைந்தீர்கள் என்று எந்த நோயாளியும் அவளைக் கேட்டதில்லை.

எங்கள் பெண்பிள்ளைகளை "கெட்டிக்காரி" என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். அதனால் "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல அவர்களுக்கு நா எழுவதில்லை. வெற்றுத்தாளில் விடுபட்டதைச் சிவப்பில் எழுதுவதும், தோழியிடம் "எனக்கு இது தெரியாது, சொல்லித்தா" என்பதும், அம்மாவிடம் "இந்த முறை சரிவரேல்லை அம்மா" என்பதும் ஒரே பழக்கம்தான். அந்தப் பழக்கம் வைத்தியருக்கு உயிர்நாடி. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் வைத்தியரால் நோயாளிக்குத்தான் ஆபத்து.

மனம் தாங்காத அளவுக்குப் போனால் காத்திருக்க வேண்டாம். பீடத்தின் மாணவ ஆலோசகரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பகிடிவதை என்ற பெயரில் யாராவது வருத்தினால் அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். முறையிடுவது கோழைத்தனம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எடுக்கும்போது "எத்தினை மார்க்ஸ்?" என்பதற்கு முதல் "சாப்பிட்டியா, நித்திரை கொள்ளுறியா?" என்று கேளுங்கள். அயலில் உள்ள பிள்ளையின் பெறுபேற்றை அந்த அழைப்பில் சொல்லவேண்டாம்.

இறுதியாக, இந்த மலரை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் வாசிக்கப்போகும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். சங்கம் ஒவ்வொரு வருடமும் உதவிப்பணம் கொடுக்கிறது, நல்லது. அதோடு இன்னொன்றையும் செய்வோம். கல்லூரியிலிருந்து மருத்துவபீடம் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அக்காவைப் பொறுப்பாக்குவோம். அவர் வைத்தியராக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. முதலாம் ஆண்டு முடியும்வரை கிழமைக்கு ஒருமுறை எடுத்து, மார்க்ஸ் கேட்காமல் அரைமணி நேரம் கதைக்கும் ஒருவர் போதும். ராகமையிலோ கராப்பிட்டியிலோ தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு, அந்தத் தொலைபேசி ஒலிப்பது பணத்தைவிடப் பெரிய உதவி. விரும்புபவர்கள் இன்றே செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். எனது பெயரை நான் முதலாவதாகக் கொடுத்துவிட்டேன்.

தங்கைமாரே, போய்ப் படியுங்கள், தெரியாததைக் கேளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.