எலியும் கூண்டும்

(மயிலாடுதுறையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“கூலியை உயர்த்தினால் சாராயக் கடைக்குத்தான் போகும், கூலிக்காரன் புத்தி அப்படி” என்ற பேச்சை வரப்போரத்திலும் ஆலை வாசலிலும் நாம் கேட்டிருக்கிறோம். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

1954-ல் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் மூளையில் சிறிது மின்சாரம் பாயும். எலி ஓயாமல் அழுத்திற்று. 1962-ல் அமெரிக்காவில் வீக்ஸ் என்பவர், கட்டையை அழுத்தினால் மார்ஃபின் இரத்தத்தில் ஏறும்படி செய்தார். அதையும் எலி தானே ஏற்றிக்கொண்டது. நமது பெங்களூர் நிம்ஹான்ஸ் விஞ்ஞானிகளும் எலிகளுக்கு மின்சாரச் சோதனை நடத்தினார்கள். அந்த எலிகளின் மூளை நரம்பணுக்களில் கிளைகள் பெருகியிருந்ததை 1993-ல் வெளியிட்டார்கள்.

எலிக்கு ஒழுக்கம் கெட்டுவிட்டதா? இல்லை. சுகம் தந்த செயலையே மூளை திரும்பக் கேட்கிறது. பழகப் பழக மூளையே மாறுகிறது. சாராயமும் இப்படித்தான் பிடிக்கிறது. பண்ணையார் மூளையானாலும் பண்ணையாள் மூளையானாலும் ஒன்றுதான்!

ஆனால் அந்த எலிகள் எங்கே இருந்தன? தனிக் கூண்டில். 1970-களின் பிற்பகுதியில் கனடாவில் அலெக்ஸாண்டர் குழுவினர் சில எலிகளை விசாலமான இடத்தில் கூட்டமாக வாழவிட்டார்கள். தனிக் கூண்டு எலிகளைவிட அவை மார்ஃபின் நீரைக் குறைவாகவே குடித்தன. பின்னர் செய்து பார்த்த சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் 2018-ல் அமெரிக்காவில் வெனிரோ, ஷஹாம் குழுவினர் போதை மருந்தா, கூட்டாளி எலியா என்று தேர்ந்தெடுக்க விட்டார்கள். போதைக்குப் பழகிய எலிகளும் கூட்டாளியையே தேடின.

மனிதன் எலியல்ல, உண்மை. ஆனால் கூலியைக் குறைத்தால் கூண்டு இன்னும் சுருங்கும், அவ்வளவுதான். கட்டையை நம் முன் வைத்திருப்பது யார்? 2003 நவம்பர் முதல் சில்லறை மதுக்கடைகளை நடத்துவது சர்க்கார் நிறுவனமான டாஸ்மாக். வருமானம் கஜானாவுக்கு, பழி கூலிக்காரனுக்கு!

நாம் செய்ய வேண்டியது என்ன? குடிப்பவரை ஏசாதீர்கள், ஒதுக்காதீர்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூலி வாங்கும் நாளில் தோழர்கள் இருவர் அவரோடு வீடுவரை நடக்கட்டும். அவரைத் தனியே விடாதீர்கள், தோழர்களே!