வயிறு போகிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்



உரமும் விதையும் பேசுகிறவன் இன்றைக்கு நோயைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். நோய்க் காலத்தில் சோறும் ஒரு மருந்துதான்.

வேடசந்தூர் பக்கம் கடலை வயல் பார்க்கப் போனபோது, ஒரு திண்ணையில் குழந்தை துவண்டு கிடந்தது. "வயிறு போகுதுங்க ஐயா. அதான் நேத்திலேருந்து ஒண்ணும் குடுக்கலை" என்றார் பாட்டி. கொடுத்தால் இன்னும் போகும் என்ற பயம். ஆனால், போகிற தண்ணீரையும் உப்பையும் ஈடுசெய்யாவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்தது.

ஒரு வீட்டிலேயே இப்படியென்றால், ஊரே இடம்பெயர்ந்து முகாமில் கிடக்கும்போது? முகாம் நமக்குத் தூரத்துச் சேதி அல்ல. திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டு முகாமில் வாழ்ந்து, 2022-ல்தான் புது வீடு கண்டார்கள்.

1971-ல் வங்கதேசப் போரின்போது ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீரும் நிலை. டாக்டர் திலீப் மகலானபிஸ், குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அப்படிப்பட்ட கரைசலின் திருத்திய வடிவம்தான் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

வாடிய பயிர் தண்ணீர் கண்டால் நிமிரும். கதிர் பிடிக்க எரு வேண்டும். பிள்ளையும் அப்படியே. கரைசல் உயிரைக் காக்கும். உடம்பைத் தேற்றுவது உணவு. பட்டினியால் மெலிந்த உடம்பைத் தட்டம்மையும் நிமோனியாவும் எளிதில் சாய்த்துவிடும்.

ஆகவே, ஒரு லிட்டர் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தவறக் கூடாது.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சுத்தமான தண்ணீர் கிடைக்காத முகாமில் புட்டிப்பால் நோயைக் கொண்டுவரும். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குக் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய், மசித்த வாழைப்பழம். கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை. சுகாதாரச் செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளும் கொடுங்கள்.

குணமான பிறகும் இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதல் உணவு வேண்டும். முருங்கைக்கீரையும் பொடித்த வறுகடலையும் சேருங்கள்; பூஞ்சணம் பிடித்த கடலை மட்டும் ஆகாது.

கண் குழிந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், குடிக்க முடியாமல் துவண்டாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

நாளை மழைவெள்ளத்துக்கு அஞ்சி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர்களுக்கு அரிசி கொண்டு போவீர்கள். கூடவே பருப்பும், எண்ணெயும், பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கொண்டு போங்கள்.