கிழவியைப் பிடித்த பேய்

(புதுக்கோட்டைக் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



எழுபத்தைந்து வயதுக் கிழவி ஒருத்தி நடுஜாமத்தில் எழுந்து, செத்துப்போன புருஷனோடு பேசுகிறாள். விடிந்ததும் பெற்ற மகனையே "நீ யாரப்பா?" என்று கேட்கிறாள். நம்மவர்கள் முதலில் எங்கே ஓடுகின்றார்கள்? கோடாங்கியிடம் ஓடுகின்றார்கள். படித்த வீடானால் ஜோசியனிடம் ஓடுகின்றார்கள். அவள் தலைமாட்டில் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

மகன் தனக்கு வாங்கிய தூக்க மாத்திரையில் ஒன்றை அம்மாவுக்கும் கொடுத்திருப்பான். அவனுக்கு ஒன்றும் செய்யாதது தாய்க்கு மட்டும் ஏன் செய்கிறது? பேய் ஆள் பார்த்துப் பிடிக்கும் என்பார்கள். மருந்துதான் ஆளின் வயது பார்த்து வேலை செய்கிறது என்கின்றோம் நாம்.

வயதாக ஆகச் சரீரத்தில் தசையும் நீரும் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபாம் போன்ற மருந்து கொழுப்பில் போய்த் தங்கும் ஜாதி. (இந்த ஒரு ஜாதி நிஜமானதுதான்!) அதைச் சிதைக்க வேண்டிய ஈரலும் சுருங்கி, அதில் ஓடும் இரத்தமும் குறைந்துவிடுகிறது. ஆகவே இருபது வயதில் சுமார் 20 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் டயசிபாம், எண்பது வயதில் அவ்விதம் குறைய ஏறக்குறைய 90 மணி நேரமாகிறது. அதாவது நேற்றைய மாத்திரை தீருமுன் இன்றையது சேருகிறது. நாளையது அதன்மேல் ஏறுகிறது. அன்றியும், இரத்தத்தில் மருந்து ஒரே அளவாயிருந்தாலும் கிழ மூளை அதிகமாய் மயங்குகிறது.

இரவில் கொல்லைப்பக்கம் போகிறவர் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டால் அதைச் சனியின் பார்வை என்கிறார்கள். 1991ல் அமெரிக்க வைத்தியர் மார்க் பியர்ஸ் என்பவர், முதியோருக்கு ஆகாத மருந்துகளென்று ஒரு பட்டியலே வெளியிட்டார். அதில் டயசிபாம் இருக்கிறது, சனி இல்லை.

தூக்க மாத்திரைதான் என்பதுமில்லை. சளிக்கும் அரிப்புக்கும் தின்னும் குளோர்பெனிரமின் மாத்திரையும் முதியோர் புத்தியைக் குழப்பும், சிறுநீரையும் கட்டும். இவற்றோடு சாராயமும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

டயசிபாம், அல்பிரசோலம் இவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாது. 2014 முதல் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். சட்டம் இருக்கிறது; "பழகின கடை" என்ற உறவுமுறை அதைவிடப் பெரிதாயிருக்கிறது!

கிழவர் தூங்கவில்லை என்கிறீர்களே, அவர் ஏழு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு விழித்தால் எட்டு மணி நேரமாகிவிடவில்லையா? பகலில் திண்ணையில் போட்ட தூக்கத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

இதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நாள்பட்ட பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரும். வைத்தியர் சொற்படி சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும். திடீர்க் குழப்பத்திற்குச் சர்க்கரைக் குறைவும் சிறுநீர்த் தொற்றும்கூடக் காரணமாயிருக்கலாம். ஆதலால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகும்போது, வீட்டிலுள்ள மாத்திரை, டானிக், சூரணம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டெடுத்துப் போய் வைத்தியர் மேஜைமேல் கொட்டுங்கள்.